வீட்டு ரவுட்டர் தானாக அனுப்பும் பாக்கெட்டுகள்: அடையாளம் காண்பதும் அடக்குவதும்

ஆதம்பாக்கத்தில் குடியிருக்கும் என் அக்கா மகன், தன் லேப்டாப்பில் உபுண்டு இயங்குதளத்தை நிறுவி, அதிலுள்ள யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை (உள்ளே வருவதை வடிகட்டும் தடுப்பரணை) முதன்முறையாக இயக்கிய அன்றிரவே அதன் லாகை, அதாவது நிகழ்வுப் பதிவை, படமெடுத்து எனக்கு அனுப்பினான். ஒரு மணி நேரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் ‘தடுக்கப்பட்டது’ என்ற குறியுடன் பதிவாகியிருந்தன; எல்லாவற்றிலும் அனுப்பிய முகவரி 192.168.1.1, அதாவது அவன் வீட்டு ரவுட்டர். “மாமா, ரவுட்டரை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல, ரீசெட் பண்ணிடட்டுமா?” என்று பதறினான். “எதையும் தொடாதேப்பா, நேரத்தை மட்டும் வரிசையா வாசி” என்றேன். 21:04:10, 21:06:15, 21:08:20, 21:10:25 என்று நான்கு வரிகளை வாசிப்பதற்குள் விடை தெரிந்துவிட்டது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே சரியாக 125 விநாடி. ஐஜிஎம்பி என்னும் நெறிமுறையில் ரவுட்டர் கேள்வி கேட்பதற்கென்று வகுத்துவைத்த இடைவெளி அது.

ரவுட்டரிலிருந்து பாக்கெட்டுகளாக, அதாவது சிறு சிறு தகவல் பொட்டலங்களாக, வரும் போக்குவரத்தை ஆராய்பவர்கள் பெரும்பாலும் முகவரியையும் சேவையைக் குறிக்கும் போர்ட் எண்ணையும் பார்க்கிறார்கள், இடைவெளியைப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் இடைவெளிதான் முதல் சாட்சி. வீட்டு வலையமைப்பில் முறையாக நடக்கும் வேலைகள் எல்லாம் ஏதோ ஒரு தாளத்தில் நடக்கின்றன. அந்தத் தாளம் எது என்று தெரிந்தால், அனுப்புவது யார், எதற்கு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே முதலில் அளப்பது, பிறகு அடையாளம் காண்பது, கடைசியாகத்தான் நிறுத்துவது என்ற வரிசையில் இதை எழுதுகிறேன்.

தொடுவதற்கு முன்

ரீசெட் பொத்தானை முதல் வேலையாக அழுத்தாதீர்கள். சென்னையில் ஃபைபர் இணைப்பு உள்ள பல வீடுகளில், சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி ஃபைபரை வாங்கும் ஓஎன்டியாகவும் ரவுட்டராகவும் ஒரே உருவில் வேலை செய்கிறது. இணைப்பு தரும் நிறுவனம் ஏற்றிவைத்த, இணையத்தில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயர், கடவுச்சொல், போக்குவரத்தைப் பிரிக்கும் விலான் எண் ஆகியவை அதற்குள் இருக்கின்றன. பின்புறத் துளையில் குண்டூசியை விட்டு அழுத்தினால் அவையும் அழிந்துபோகலாம். எங்கள் வீட்டில் ஒருமுறை, தொலைபேசியில் பேசிய சேவைப் பணியாளர் சொன்னபடி இதைச் செய்துவிட்டு, ஆள் வந்து மறுபடி ஏற்றித் தரும் வரை வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் மதியம் வரை இணையமின்றி இருந்தோம். மகளின் ஆன்லைன் தேர்வு ஒன்று அதில் தவறிப்போனது. ஆகவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

அடுத்தது பாக்கெட்டுகளைப் பிடிப்பது. லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் ரவுட்டரில் நேரடியாகச் செருகி, லேப்டாப்பின் வைஃபையை அணைத்து, மற்ற லேன் போர்ட்டுகளில் (கேபிள் துளைகளில்) இருக்கும் டிவி, கேமராப் பதிவுப் பெட்டியான டிவிஆர், ஸ்விட்ச் ஆகியவற்றைச் சற்று நேரம் கழற்றிவைக்க வேண்டும். வயர்ஷார்க் என்னும் இலவச மென்பொருள் இதற்குப் போதும். 1998இல் எத்தீரியல் என்ற பெயரில் வெளிவந்து 2006இல் பெயர் மாறிய இந்த மென்பொருளை விண்டோஸில் நிறுவும்போது, கூடவே பாக்கெட்டுகளைப் பிடித்துத் தரும் என்பிகேப்பையும் நிறுவட்டுமா என்று கேட்கும். அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு பாக்கெட்டையும் பிடிக்க இயலாது. பிரவுசர் உட்பட எல்லாச் செயலிகளையும் மூடிவிட்டு, கேபிள் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, 15 நிமிடம் அப்படியே விடுங்கள். ஐந்து நிமிடம் போதாதா என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அனுப்பும் சில அறிவிப்புகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

பிடித்து முடித்ததும் திரை நிறைய வரிகள் இருக்கும். அவற்றில் பாதிக்கு மேல் உங்கள் லேப்டாப்பே அனுப்பியதாக இருக்கக்கூடும். விண்டோஸ் தன் பங்குக்கு யூடிபி 137, 5353, 5355 ஆகிய போர்ட்டுகளில் அக்கம்பக்கத்தை விசாரித்துக்கொண்டே இருக்கும். எனவே அனுப்பியவர் இடத்தில் 192.168.1.1 இருக்கும் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, கீழே ஈத்தர்நெட் பகுதியில் உள்ள சோர்ஸ் மேக் முகவரியின்மேல் (அனுப்பிய கருவியின் வன்பொருள் முகவரி) வலச்சொடுக்கி, ‘அப்ளை ஆஸ் ஃபில்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், ரவுட்டர் அனுப்பியவை மட்டும் எஞ்சும். பிறகு ‘வியூ’ மெனுவில் நேரம் காட்டும் முறையை, திரையில் தெரியும் முந்தைய வரியிலிருந்து கடந்த விநாடிகள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் மணிக்கணக்கில் திரையை உற்றுப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு நெறிமுறையை மட்டும் வடிகட்டி இந்த நேர நெடுவரிசையைப் பார்த்தால், 2, 30, 125 என்று அதன் தாளம் எண்களாகவே வந்து நிற்கும்.

இதை உங்கள் சொந்த வீட்டு இணைப்பில் மட்டுமே செய்யுங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ விடுதியிலோ பலர் பகிரும் வைஃபையில் மற்றவர்களின் போக்குவரத்தைப் பிடிப்பது முறையல்ல. அங்கே சந்தேகம் எழுந்தால் இணைப்புக்குப் பொறுப்பானவரிடம் சொல்லுங்கள்.

125 விநாடியின் கதை

ஒரே ஒளிபரப்பைப் பல கருவிகள் ஒன்றாகப் பெறுவதற்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். எந்தக் கருவிக்கு எந்த ஒளிபரப்பு வேண்டும் என்று கணக்கு வைப்பதுதான் ஐஜிஎம்பியின் வேலை. பால் போடுபவர் அவ்வப்போது வீடு வீடாக “இன்னும் வேணுமா?” என்று கேட்டு, பதில் வராத வீட்டுக்கு நிறுத்திவிடுவதைப் போல, ரவுட்டர் 224.0.0.1 என்ற முகவரிக்கு, அதாவது அந்த லேனில் இருக்கும் எல்லாருக்கும், 125 விநாடிக்கு ஒருமுறை பொதுக்கேள்வி ஒன்றை அனுப்புகிறது. வேண்டியவர்கள் 10 விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். 1997இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் 2002இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் இயல்பு இடைவெளி இதுவே.

அக்கா மகன் அனுப்பிய லாக் வரியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நெறிமுறை எண் 2 என்று இருந்தது. அது ஐஜிஎம்பிக்கு ஒதுக்கப்பட்ட எண். எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற கணக்கான டிடிஎல் 1 என்று இருந்தது. அதாவது அந்தப் பாக்கெட் இன்னொரு ரவுட்டரைத் தாண்டிப் போக முடியாது. நீளம் 36 பைட். இரண்டாம் பதிப்பாக இருந்தால் 32 பைட், மூன்றாம் பதிப்பாக இருந்தால் 36. போர்ட் எண்ணே இல்லை என்பதைப் பார்த்துத்தான் அவன் மிரண்டிருந்தான். ஐஜிஎம்பிக்குப் போர்ட் என்ற ஒன்றே கிடையாது.

இதற்கு ரவுட்டரில் செய்ய வேண்டியது எதுவுமில்லை. லாக் நிறைகிறது என்பது மட்டுமே குறை என்றால், யூஎஃப்டபிள்யூவின் ‘பிஃபோர் ரூல்ஸ்’ கோப்பில், கடைசியில் இருக்கும் ‘கமிட்’ வரிக்கு முன்னால், 224.0.0.1க்கு வரும் ஐஜிஎம்பியை அனுமதிக்கும் ஒரு விதியைச் சேர்த்து, ஃபயர்வாலை மறுபடி ஏற்றினால் போதும். லாகையே அணைத்துவிடுங்கள் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். நாளைக்கு உண்மையிலேயே ஆபத்தான ஒன்று வந்தால் அதைக் காட்டப்போவது அந்த லாக்தான்.

ரவுட்டரிலேயே நிறுத்த விரும்பினால்

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஐஜிஎம்பி ப்ராக்ஸி’, ‘ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கக்கூடும். இரண்டும் ஒன்றல்ல; இங்கேதான் நிறையப் பேர் இடறுகிறார்கள். ப்ராக்ஸி, வெளியிலிருந்து வரும் மல்டிகாஸ்ட்டை வீட்டுக்குள் கொண்டுவருவது. இணைப்பு நிறுவனமே ஐபி டிவி தருகிறது என்றால் அது தேவைப்படலாம். ஸ்னூப்பிங், எந்தப் போர்ட்டில் யார் கேட்டார்கள் என்று கவனித்து, கேட்டவருக்கு மட்டும் அனுப்புவது. முதலாவதை அணைத்தால் பல ரவுட்டர்களில் கேள்வி கேட்பதும் நின்றுவிடும். இரண்டாவதை மட்டும் இயக்கத்திலேயே விட்டுவிட்டால், கேட்கப்படாத கேள்விக்குப் பதில் வராததால், கணக்கில் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக அழியும்.

வேளச்சேரியில் நண்பர் ஒருவர் வீட்டில் இதுதான் நடந்தது. கணினியில் சேமித்த திரைப்படங்களை டிவியில் பார்க்கும் டிஎல்என்ஏ சர்வர், டிவியை இயக்கியதும் பட்டியலில் தெரியும். நான்கு நிமிடம் கழித்துக் காணாமற்போகும். டிவியைக் குறை சொல்லி, கேபிளை மாற்றி, கடைசியில் கைக்கடிகாரத்தை வைத்து அளந்தோம். நான்கு நிமிடம் இருபது விநாடி, அதாவது 260 விநாடி. இரண்டு கேள்வி இடைவெளியும் பதிலுக்கான 10 விநாடியும் சேர்ந்தால் அதே 260. பெயர் அழிவதற்கு ஐஜிஎம்பி தரும் இயல்புக் கெடு அது. முதல் நாள் அவர் ‘தேவையற்ற’ ப்ராக்ஸியை அணைத்திருந்தார். ஆகவே அணைப்பதென்றால் ஸ்னூப்பிங்கையும் சேர்த்தே அணையுங்கள்; அல்லது இரண்டையும் விட்டுவிடுங்கள்.

ஸ்னூப்பிங்கை அணைப்பதற்கும் ஒரு விலை உண்டு. வைஃபையில் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகள், எல்லாக் கருவிகளும் கேட்கும்படியாக, மிகக் குறைந்த அடிப்படை வேகத்திலேயே போகின்றன, 2.4 கிகாஹெர்ட்ஸில் பல ரவுட்டர்களில் அது விநாடிக்கு 1 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 6 மெகாபிட். ஐபி டிவியின் 8 மெகாபிட் ஒளிபரப்பு ஒன்று கட்டுப்பாடின்றி அந்த வழியில் கொட்டினால், 1 மெகாபிட் பாதை திணறி, வீட்டில் எல்லாருடைய வைஃபையும் நின்றுபோகும். அக்கம்பக்கத்து வீடுகளின் இருபது வைஃபை பெயர்கள் தெரியும் அடுக்குமாடிக் குடியிருப்பில் காற்றலை நேரம் ஏற்கெனவே பற்றாக்குறை. வீட்டில் ஐபி டிவி இருந்தால் ஸ்னூப்பிங்கை இயக்கத்திலேயே வையுங்கள் என்பதுதான் என் முடிவான கருத்து.

யூபிஎன்பி: இதை அணைக்கலாம்

யூடிபி போர்ட் 1900இல் 239.255.255.250க்கு ரவுட்டர் கொத்துக் கொத்தாகப் பாக்கெட் அனுப்பினால், அது, கருவிகள் ஒன்றையொன்று தானாகக் கண்டுகொள்ள உதவும் யூபிஎன்பியின் எஸ்எஸ்டிபி அறிவிப்பு: “நான் இங்கே இருக்கிறேன், என்னிடம் இன்னின்ன சேவைகள் இருக்கின்றன.” ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பாக்கெட் என்பதால் ஒரே நொடியில் பத்துப் பன்னிரண்டு வந்துவிட்டு, பிறகு அமைதி நிலவும். அறிவிப்பில் தீங்கில்லை. ஆனால் அறிவிக்கப்படும் சேவையில் ஆபத்து உண்டு: வீட்டில் உள்ள எந்தக் கருவியும், யாரிடமும் கடவுச்சொல் கேட்காமல், வெளியிலிருந்து உள்ளே வர ஒரு போர்ட்டைத் திறக்கச் சொல்லலாம்.

ரவுட்டரின் அமைப்பில் யூபிஎன்பி பக்கத்தையும் போர்ட் ஃபார்வேர்டிங் பக்கத்தையும் திறந்து, எந்தெந்தக் கருவிக்குப் போர்ட் திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஆன்லைன் விளையாட்டுக்கென்று தேவைப்பட்டாலன்றி யூபிஎன்பியை அணைத்துவிடுங்கள். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால், நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இணைப்பில் யூபிஎன்பி போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது, எனவே அதை வைத்திருப்பதில் பயன் எதுவும் இல்லை.

விட்டுவிட வேண்டியவை

2 விநாடிக்கு ஒருமுறை வருவது, இணைப்பில் வட்டம் ஏற்படாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ. 30 விநாடிக்கு ஒருமுறை வருவது பெரும்பாலும், பக்கத்துக் கருவிக்குத் தன்னை அறிமுகப்படுத்தும் எல்எல்டிபி. பாக்கெட்டின் வகையைக் குறிக்கும் ஈத்தர்டைப் 8899 என்று வருவது, ரியல்டெக் சிப் உள்ள ஸ்விட்ச், கேபிள் வட்டமடிக்கிறதா என்று சோதிப்பது. 192.168.1.2 யாரிடம், 192.168.1.3 யாரிடம் என்று வரிசையாகக் கேட்கும் ஆர்ப் பாக்கெட்டுகள், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை ரவுட்டர் புதுப்பிப்பது. இவை எதையும் தடுக்க வேண்டியதில்லை.

புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6இன் ரவுட்டர் அறிவிப்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைத் தடுத்தால் சேதம் நமக்கே. ஐசிஎம்பிவி6 வகை 134 என்று குறிக்கப்படும் இது, இயல்பு அமைப்பில் அதிகபட்சம் 600 விநாடிக்கு ஒருமுறை வரும். அதன் செல்லுபடிக்காலம் அதைப்போல் மூன்று மடங்கு, 1800 விநாடி. ஃபயர்வாலில் இந்த வகை 134ஐத் தடுத்துவிட்டால், அரை மணி நேரம் வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றி, பிறகு ஐபிவி6 வழி அறுந்துபோகும். காரணத்தை யாரும் அரை மணி நேரம் முன்னால் போய்த் தேட மாட்டார்கள்.

இரண்டு ரவுட்டர் உள்ள வீடுகள்

கான்கிரீட் சுவர் தடுப்பதால் உள்ளறைக்கு வைஃபை எட்டவில்லை என்று, பழைய ரவுட்டரையோ மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கிய இன்னொன்றையோ கேபிள் இழுத்து மாட்டும் வழக்கம் சென்னையில் பரவலாக உண்டு. இரண்டின் லேன் போர்ட்டுகளையும் இணைத்துவிட்டு, இரண்டாவதன் டிஹெச்சிபியை அணைக்க மறந்தால், கருவிகளுக்கு முகவரி தருபவர் வீட்டில் இருவராகிவிடுகிறார்கள். காலையில் வேலை செய்த கைபேசி மாலையில் ‘இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை’ என்று சொன்னால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வயர்ஷார்க்கில் டிஹெச்சிபியை வடிகட்டி, லேப்டாப்பின் கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். ஒரு கோரிக்கைக்கு இரண்டு வெவ்வேறு மேக் முகவரிகளிலிருந்து ‘ஆஃபர்’ வந்தால் குற்றவாளி பிடிபட்டது. இரண்டாவது ரவுட்டருக்கு 192.168.1.2 என்று நிலையான முகவரி கொடுத்து, அதன் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை அதன் லேன் போர்ட்டிலேயே விடுங்கள்.

ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் ஓயாமல் துடித்து, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் ஒரே ஆர்ப் பாக்கெட் திரும்பத் திரும்ப வந்தால், கேபிளின் இரு முனைகளும் ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டிருக்கின்றன. வீடு பெருக்கும்போது கழன்ற கேபிளை நல்லெண்ணத்தில் யாரோ திரும்பச் செருகியிருப்பார்கள்.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது

வீட்டுக்குள் சுற்றும் போக்குவரத்தைவிட, வீட்டிலிருந்து வெளியே போவதுதான் ஆபத்தானது. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே மற்றவர்களைத் தாக்கியது. தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையப் பயன்படும் டெல்நெட்டுக்கான 23, 2323 போர்ட்டுகளில் புதிய இரைகளைத் தேடியது. அதே ஆண்டு நவம்பரில் அதன் மாற்று வடிவம் ஒன்று, நிறுவனங்கள் ரவுட்டரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் 7547 போர்ட் வழியாக வந்தபோது, ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு பாதிக்கப்பட்டது.

இதில் தாளம் இருக்காது. ஒவ்வொரு விநாடியும், சம்பந்தமே இல்லாத புதுப்புது முகவரிகளுக்கு, பதில் வராத இணைப்புக் கோரிக்கைகள் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் முன்பு சொன்னபடி லேப்டாப்பைச் செருகினால் இது கண்ணில் படாது, ஏனெனில் டிவிஆருக்கும் இணையத்துக்கும் இடையே போவதை ரவுட்டர் உங்கள் போர்ட்டுக்கு அனுப்பாது. ரவுட்டரில் இணைப்புப் பட்டியல் காட்டும் பக்கம் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால், போர்ட் மிரரிங் உள்ள மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்றை டிவிஆருக்கும் ரவுட்டருக்கும் நடுவே வைத்து, அதன் நகலை லேப்டாப்புக்கு வரவழைக்க வேண்டும். வாங்கும்போது இந்த வசதியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சாதாரண ஐந்து போர்ட் ஸ்விட்சில் இது கிடையாது.

கண்டுபிடித்தால் செய்யும் வரிசை முக்கியம். முதலில் டிவிஆரின் லேன் கேபிளைக் கழற்ற வேண்டும். பிறகு மின்சாரத்தை அணைத்து மறுபடி இயக்க வேண்டும். மிராய் நினைவகத்தில் மட்டுமே இருப்பதால் அதிலேயே அழிந்துவிடும். மூன்றாவதாக, அதன் மானிட்டரிலேயே கடவுச்சொல்லை மாற்றி, டெல்நெட்டை அணைத்து, புதிய ஃபர்ம்வேர் (கருவியின் உள்மென்பொருள்) இருந்தால் பென்டிரைவ் மூலம் ஏற்ற வேண்டும். அதன் பிறகே கேபிளைச் செருகலாம். கடவுச்சொல்லை மாற்றாமல் மறுபடி செருகினால் சில நிமிடங்களிலேயே திரும்பத் தொற்றிக்கொள்ளும். கேமரா மாட்டியவர், கைபேசியில் பார்ப்பதற்கென்று ரவுட்டரில் திறந்துவைத்த போர்ட்டையும் மூடிவிடுங்கள். கணினிகளில் சந்தேகம் இருந்தால், இந்திய அரசின் இணையப் பாதுகாப்புப் பிரிவான செர்ட்-இன் அமைப்பின் கீழ் 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்தா கேந்திரா தரும் இலவசக் கருவிகளைப் பயன்படுத்தலாம்.

மாற்றங்கள் முடிந்ததும் முன்பு போலவே மறுபடி 15 நிமிடம் பிடித்து, முதல் கோப்பின் பக்கத்தில் தேதியுடன் சேமித்துவையுங்கள். ரவுட்டரின் மென்பொருளை நிறுவனம் தொலைவிலிருந்து புதுப்பிக்கும்போது, நீங்கள் அணைத்த யூபிஎன்பி சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப இயங்கக்கூடும். மாதம் ஒருமுறை பிடித்து ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும். நிறுவனத்திடம் புகார் செய்வதென்றால், இணையம் மெதுவாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாமல், எந்த மேக் முகவரியிலிருந்து, எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட்டில், எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று எழுதிக்கொடுங்கள். கோப்பை வேறு யாருக்காவது அனுப்புவதாக இருந்தால், அதில் உங்கள் மேக் முகவரிகளும் பொதுமுகவரியும் இருப்பதை மறக்க வேண்டாம். ரவுட்டரின் பாக்கெட்டுகளை மட்டும் வடிகட்டித் தனிக்கோப்பாகச் சேமித்து, அதை அனுப்புங்கள்.